பழைய அமெரிக்கக் காமிக்ஸில் கலர் புரூஃப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கக் காமிக்ஸ் சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடினால் ‘கலர் புரூஃப்’ என்ற சொல் எப்படியும் வந்துவிடும். ஏலத்துக்கு வரும் எந்த வண்ணத் தாளுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரே பெயருக்குள் மூன்று நான்கு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் பல வருடம் புரூஃப் பார்த்தவன் நான். அதனால் நண்பர்கள் இதையெல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள். 1930-கள் முதல் 1980-கள் வரை வந்த இதழ்களைப் பற்றி அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கலர் புரூஃப் என்றால் என்ன?

லட்சக்கணக்கில் அச்சடிக்கும் முன், பிளேட்டுகளோ (அச்சுத் தகடுகள்) அவற்றுக்கான ஃபிலிம்களோ சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க எடுக்கும் ஒன்றிரண்டு மாதிரித் தாள்கள்தான் கலர் புரூஃப். எழுத்துக்கு மெய்ப்பு பார்ப்பது போல, வண்ணத்துக்குப் பார்க்கும் மெய்ப்பு. அச்சுக்கான ஃபிலிமோ பிளேட்டோ தயாரான பிறகு எடுத்ததாக இருந்தால்தான் அது புரூஃப். அதற்கு முன்னால் கையால் வண்ணம் தீட்டிய தாளுக்குப் பெயர் வேறு, வேலையும் வேறு.

ஓவியர் வரைந்த பக்கத்திலேயே வண்ணம் இருக்காதா?

இருக்காது. ஓவியரின் மூலப் பக்கம் கெட்டியான அட்டையில் வெறும் கருப்பு மையில் வரைந்தது. 1967 வாக்கில்வரை அது அச்சாகும் அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது, அதன் பின் ஒன்றரை மடங்காகக் குறைந்தது. அதை அச்சு அளவுக்குச் சுருக்கி ஒரு பிரதி எடுப்பார்கள். ஆரம்பத்தில் சில்வர் பிரிண்ட் என்ற புகைப்படப் பிரதி அல்லது ஃபோட்டோஸ்டாட், பிற்காலத்தில் சாதாரண ஜெராக்ஸ். வண்ணக் கலைஞர் அந்தப் பிரதியின் மேல் டாக்டர் மார்ட்டின்ஸ் என்ற திரவச் சாயத்தைத் தூரிகையால் தீட்டுவார். இந்தத் தாளுக்குக் கலர் கைடு என்று பெயர்.

ஏலங்களில் ‘புரூஃப்’ என்று விற்கப்படுவதில் நிறைய இந்தக் கலர் கைடுதான். அதற்காக இதன் மதிப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். 1950-களின் தொடக்கத்தில் ஈ.சி. என்ற காமிக்ஸ் நிறுவனத்துக்காக மேரி செவரின் கையால் வண்ணமிட்ட அட்டை சில்வர் பிரிண்டுகளைப் பார்த்தால் புரியும். பயமூட்டும் காட்சியில் ஒரு உருவத்தை முழுக்க ஒரே நீலத்திலோ சிவப்பிலோ மூழ்கடித்துவிட்டு, மற்றதை ஒதுக்கி வைக்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. மார்வெலில் ஸ்டான் கோல்ட்பெர்க், டி.சி.யில் தத்யானா வுட், ஆட்ரியன் ராய் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கை இருந்தது. ஆனால் 1970-களுக்கு முன் வந்த இதழ்களில் வண்ணக் கலைஞரின் பெயர் பெரும்பாலும் அச்சாகவே இல்லை.

கலர் கைடில் முகத்தின் மேலும் உடையின் மேலும் கிறுக்கியிருக்கும் எழுத்துகள் என்ன?

அவைதான் அந்தத் தாளின் உயிர். தீட்டிய சாயம் பார்வைக்கு ஒரு சாயல் மட்டும். அச்சுக்கான உத்தரவு அந்த எழுத்தில் இருக்கிறது. ஒய் என்றால் மஞ்சள், ஆர் என்றால் சிவப்பு, பி என்றால் நீலம். மெஜந்தா, சயான் என்றெல்லாம் அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை. எழுத்து மட்டும் இருந்தால் முழு மை, 100 சதவீதம். பக்கத்தில் 2 இருந்தால் 25 சதவீதப் புள்ளி, அதாவது தாளின் கால்வாசியை மூடும் நுண்புள்ளிகள்; 3 இருந்தால் 50 சதவீதப் புள்ளி.

ஆக ‘ஒய்2 ஆர்2’ என்றால் கால்வாசி மஞ்சள், கால்வாசி சிவப்பு. அமெரிக்கக் காமிக்ஸில் வெள்ளையர் தோலுக்குப் பல பத்தாண்டுகள் இருந்த வழக்கமான குறியீடு இது. ‘ஒய் ஆர்’ என்றால் முழு மஞ்சளின் மேல் முழு சிவப்பு. சூப்பர்மேன் மேலங்கியின் அந்தப் பளிச்சிடும் சிவப்பு அதுதான்.

ஒவ்வொரு மைக்கும் நான்கு நிலை: இல்லை, கால், அரை, முழுசு. மூன்று மைக்குமாக நான்கை மூன்று முறை பெருக்கினால் 64. தாளின் வெள்ளையையும் சேர்த்து அவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்த வண்ணப் பெட்டி. 1980-களில் 70 சதவீதம் என்று ஒரு நிலை கூடியபோது அது 125 ஆனது.

கலர் கைடிலிருந்து பிளேட் எப்படி வந்தது? கேமராவில் வண்ணத்தைப் பிரித்தார்களா?

இல்லை, கையால் பிரித்தார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊர். அங்கே கெமிக்கல் கலர் பிளேட் என்ற நிறுவனம். அமெரிக்கக் காமிக்ஸின் பெரும் பங்குக்குப் பல ஆண்டுகள் வண்ணப் பிரிப்பு அங்கேதான் நடந்தது. வேலை செய்தவர்களில் மிகப் பலர் பெண்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒன்பது அசிட்டேட் தாள்கள், அதாவது தெளிந்த பிளாஸ்டிக் தாள்கள். மஞ்சளுக்கு மூன்று, சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று முழு மைக்கு, ஒன்று அரைக்கு, ஒன்று காலுக்கு. கருப்புக்குத் தனித் தாள் தேவையில்லை, ஓவியரின் கோடே அது. கலர் கைடைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண் ஒளி புகாத மையால் ஒவ்வொரு தாளிலும் உரிய இடத்தை நிரப்புவார். சூப்பர்மேன் மேலங்கி வந்தால் முழு மஞ்சள் தாளில் ஒரு முறை, முழு சிவப்புத் தாளில் ஒரு முறை, அதே வடிவத்தை இரண்டு முறை நிரப்ப வேண்டும். முகம் வந்தால் கால் மஞ்சள் தாள், கால் சிவப்புத் தாள். அடுத்த படக்கட்டத்திலும் முகம், அதற்கடுத்த படக்கட்டத்திலும் முகம். இந்தத் தாள்களில் வண்ணமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். தன் கையால் நிரப்புவது சிவப்பா நீலமா என்பது தாளின் ஓரத்துக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு அரைத் தாளையும் கால் தாளையும் அந்தந்தப் புள்ளித் திரை வைத்துப் படமெடுத்து, முழுத் தாளோடு ஒரே ஃபிலிமில் சேர்ப்பார்கள். மஞ்சளுக்கு ஒரு ஃபிலிம், சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கருப்புக்கு ஒன்று. அதிலிருந்து நான்கு பிளேட்.

தவறு எங்கே நுழையும் என்று இப்போது புரிந்திருக்கும். மேலங்கியை முழு சிவப்புத் தாளில் நிரப்புவதற்குப் பதிலாக அரைச் சிவப்புத் தாளில் நிரப்பிவிட்டால் அது ஆரஞ்சாகிவிடும். மஞ்சள் தாளில் நிரப்ப மறந்துவிட்டால் மேலங்கி ரோஜா நிறத்தில் வரும். பழைய இதழ்களில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் உடையின் நிறம் மாறியிருப்பதைப் பார்த்து வண்ணக் கலைஞரைக் குறை சொல்வார்கள். பல சமயம் அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். ஒன்பது தாள், ஒரு பக்கத்தில் ஆறேழு கட்டம், ஒரு இதழில் இருபது இருபத்தைந்து பக்கம், மாதம் பல இதழ்கள். இத்தனைக்கும் இவ்வளவு குறைவாகத்தான் தவறு நடந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தப் பெண்களின் பெயர் எந்த இதழிலும் இல்லை.

உள்பக்கங்களுக்குப் புரூஃப் பார்த்தார்களா?

வழக்கமாக, இல்லை. பலருக்கும் நம்ப முடியாத பதில் இது. அட்டைக்கு வண்ண மெய்ப்பு எடுப்பார்கள். உள்பக்கங்களுக்குக் கருப்புக் கோட்டையும் எழுத்தையும் சரிபார்ப்பதோடு சரி. வண்ணத்தில் முழுப் பக்கத்தையும் ஆசிரியர் குழு முதன்முதலாகப் பார்ப்பது பெரும்பாலும் அச்சாகி வந்த இதழில்தான்.

காரணம் எளிது. 1960-களின் தொடக்கம் வரை இதழின் விலை 10 சென்ட், பிறகு 12 சென்ட். அந்த விலையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு வண்ண மெய்ப்பு எடுத்து, நியூயார்க்குக்கு அனுப்பி, திருத்தம் வாங்கி, மறுபடி பிளேட் செய்வது கட்டுப்படியாகாது. நேரமும் இல்லை. அலுவலகம் நியூயார்க்கில், வண்ணப் பிரிப்பு கனெக்டிகட்டில், அச்சு இலினாய் மாநிலத்தின் ஸ்பார்ட்டா என்ற சிறு ஊரில் உள்ள வேர்ல்ட் கலர் பிரஸ்ஸில். 1950-களுக்குப் பிறகு பெரும்பான்மை இதழ்கள் அங்கேதான் அச்சாயின. எழுத்து முதல் அச்சு, விநியோகம் வரை எல்லாவற்றையும் கனெக்டிகட்டின் டெர்பி ஊரில் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த சார்ல்டன் நிறுவனம் ஒரு விதிவிலக்கு.

அதனால்தான் கலர் கைடுக்கு அவ்வளவு கனம். பின்னால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி இல்லாத இடத்தில், முன்னால் எழுதிக் கொடுப்பது துல்லியமாக இருந்தாக வேண்டும்.

அட்டைப் புரூஃபை எப்படிப் பார்ப்பார்கள்?

முழு வண்ணத்தில் ஒரே தாளாக வருவது ஒரு வகை. அச்சுக்காரர்கள் நம்புவது இன்னொரு வகையை: புரோகிரசிவ் புரூஃப், அதாவது வண்ணங்கள் படிப்படியாகச் சேரும் வரிசை. வழக்கமான ஒரு வரிசை இப்படி இருக்கும்: மஞ்சள் மட்டும், சிவப்பு மட்டும், மஞ்சளும் சிவப்பும், நீலம் மட்டும், மூன்றும் சேர்ந்து, கருப்பு மட்டும், கடைசியில் நான்கும். ஏழு தாள்கள்.

எதற்கு இவ்வளவு? முழு வண்ணத் தாளில் ஒரு மரம் பச்சைக்குப் பதில் பழுப்பாக இருக்கிறது என்று தெரியும், குற்றவாளி எந்தப் பிளேட் என்று தெரியாது. வரிசையைப் புரட்டினால் தெரிந்துவிடும். மஞ்சள் தாளில் மரம் சரியாக இருக்கிறது. சிவப்புத் தாளில் இலைகளின் மேல் இருக்கக் கூடாத புள்ளிகள் இருக்கின்றன. அவ்வளவுதான், சிவப்புப் பிளேட்டைத் திருத்தினால் போதும். மற்ற மூன்றைத் தொட வேண்டாம்.

இதில் மஞ்சள்தான் பெரிய தலைவலி. வெள்ளைத் தாளில் மஞ்சள் மட்டும் அடித்தால் கண்ணுக்குப் பாதி தெரியாது. ஓட்டை, கீறல், விடுபட்ட இடம் எல்லாம் அதில் ஒளிந்துகொள்ளும். நீல நிறக் கண்ணாடித் தாளைக் கண்முன் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் கருத்துத் தெரியும், குறை வெளியே வந்துவிடும். இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயதான மெஷின்மேன். காலண்டர் வேலையில் அது என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

பார்த்து முடித்த புரூஃபின் ஓரத்தில் திருத்தம் எழுதப்படும், வட்டம் போடப்படும், ஒப்புதல் கையெழுத்து விழும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வரும் தவறுக்கு அச்சகம் பொறுப்பல்ல. புரூஃப் என்பது ஒரு வகையில் ஒப்பந்தப் பத்திரமும்தான்.

ஹல்க் முதலில் சாம்பல் நிறம் என்பது உண்மையா? அதற்கும் புரூஃபுக்கும் என்ன தொடர்பு?

உண்மை. 1962 மே மாதத் தேதியிட்ட முதல் இதழில் ஹல்க் சாம்பல் நிறம். அப்படி இருக்க வேண்டும் என்பது ஸ்டான் லீயின் விருப்பம். அச்சாகி வந்தபோது ஒரு பக்கத்தில் வெளிர் சாம்பல், இன்னொன்றில் கிட்டத்தட்டக் கருப்பு, ஓரிடத்தில் பச்சைச் சாயல். இரண்டாவது இதழிலேயே அவனைப் பச்சையாக்கிவிட்டார்கள்.

அந்த முறையில் சாம்பலைப் பெற ஒரு வழி, மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் புள்ளிகளாக ஒன்றின் மேல் ஒன்று அடிப்பது. மூன்றும் சமநிலையில் நின்றால்தான் அது சாம்பல். நீல மை கொஞ்சம் கூடினால் நீலம் பாயும், சிவப்பு குறைந்தால் பச்சை தட்டும். வேகமாக ஓடும் ரோட்டரி இயந்திரத்தில் மையின் அளவு ஓட ஓட மாறிக்கொண்டே இருக்கும். பச்சைக்கோ சிவப்புக்கோ அந்த மாற்றம் உறைக்காது. பச்சை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பச்சைதான். சாம்பலுக்கு மறைந்துகொள்ள இடமே இல்லை. இன்றும் நாலு கலர் அச்சில் சாம்பலைப் பார்த்துத்தான் மெஷின்மேன் சமநிலையைக் கணிக்கிறார். பெரிய அச்சு ஓட்டத்துக்கு முன் உள்பக்கங்களுக்கு மெய்ப்பு எடுத்திருந்தாலும் ஹல்க் சாம்பலாகவே தப்பித்திருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தாளில் சரியாக வருவதை மெய்ப்பு காட்டும். ஓட்டம் முழுக்க அப்படியே நிற்குமா என்பதை அதால் காட்ட முடியாது.

புரூஃபில் அழகாக இருந்த அட்டை இதழில் ஏன் மங்குகிறது?

தாள், மை, வெளிச்சம். புரூஃப் நல்ல வெள்ளைத் தாளில், நிதானமாக, ஒவ்வொன்றாக எடுப்பது. அட்டை வழவழப்பான தாள் என்பதால் அதில் வித்தியாசம் கொஞ்சம்தான். உள்பக்கம் நம்மூர் வாசகர்கள் சாணித்தாள் என்று சொல்லும் ரகம். மையை உறிஞ்சும், புள்ளி வீங்கும், 25 சதவீதம் என்று கேட்டது அதைவிடக் கூடுதலாகத் தெரியும். தாளே சற்று மஞ்சள் என்பதால் வெள்ளை என்று ஒன்று அதில் கிடையாது.

வெளிச்சத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அட்டைப் புரூஃபை இரவில் டியூப்லைட்டில் பார்த்து, பட்டுச்சேலையின் அரக்குச் சிவப்பு சரி என்று கையெழுத்துப் போட்டேன். காலையில் வெயிலில் பார்த்தால் அது செங்கல் நிறம். அதற்குள் சில ஆயிரம் தாள் ஓடிவிட்டது. அன்றிலிருந்து பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகாமல் எந்தப் புரூஃபிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

கலர் கீ, குரோமலின் என்பவை எந்தக் காலத்தவை?

பிளேட் செய்யாமல், ஃபிலிமிலிருந்தே நேராகப் புரூஃப் எடுக்கும் முறைகள் இவை. 3எம் நிறுவனத்தின் கலர் கீயில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாள். நான்கையும் அடுக்கிப் பார்க்க வேண்டும். அடுக்கினால் கொஞ்சம் சாம்பல் படர்ந்தது போலத் தெரியும். டுபான்ட் நிறுவனத்தின் குரோமலினில் நான்கு வண்ணமும் ஒரே தாளின் மேல் படலமாக ஒட்டியிருக்கும், பளபளக்கும். குரோமலின் 1970-களில் பரவியது. எனவே 1940-களின் அட்டைக்கு ‘அந்தக் காலத்துக் குரோமலின்’ என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். மறுபதிப்புக்காகப் பின்னாளில் எடுத்ததாகத்தான் இருக்க முடியும்.

புள்ளிகளை ‘பென் டே’ என்கிறார்களே?

பெஞ்சமின் ஹென்றி டே என்ற அமெரிக்கர் 1879-இல் கொண்டுவந்த முறை. மேடுகளாகப் புள்ளி பதிந்த படலத்தில் மை தடவி, வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தி ஏற்றுவார்கள். ஆரம்பகாலச் செய்தித்தாள் காமிக்ஸில் அது உண்டு. பிரிட்ஜ்போர்ட் அசிட்டேட் முறை வேறு. இருந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுபதிப்பில் எது ‘உண்மையான’ வண்ணம்? கலர் கைடா, புரூஃபா, அச்சான இதழா?

என் பதில், அச்சான இதழ். இதில் என்னோடு சண்டை போடும் நண்பர்கள் இருக்கிறார்கள். ‘கலைஞர் தீட்டியது கலர் கைடில்தானே இருக்கிறது, அச்சகம்தானே கெடுத்தது’ என்பது அவர்கள் வாதம்.

கலைஞர் தாளை மறந்துவிட்டுத் தீட்டவில்லை. சாணித்தாள் எல்லாவற்றையும் அமுக்கிவிடும் என்று தெரிந்துதான் அவர் முழு மஞ்சளையும் முழு சிவப்பையும் எழுதினார். வெறும் கருப்பு பெரிய பரப்பில் வெளிறித் தெரியும், வடிவமும் புலப்படாது என்பதால்தான் சூப்பர்மேன் தலைமுடியிலும் பேட்மேன் மேலங்கியிலும் நீலம் பாய்ந்தது. அதே குறியீடுகளை அப்படியே கணினியில் ஏற்றி இன்றைய பளபளப்பான வெள்ளைத் தாளில் அடித்தால் கண் கூசுகிறது. பல ஆடம்பர மறுபதிப்புகளில் முகமெல்லாம் மிட்டாய் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் பழுப்பேறிய, வழவழப்பில்லாத தாளில் அச்சடித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிரிப்பில் நேர்ந்த தவறுகளைத் திருத்தக் கலர் கைடைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பின்பக்கத்தைத் திருப்புங்கள். புரூஃப் பொதுவாக ஒரு பக்கம் மட்டும் அச்சானது. ஸ்டேப்ளர் ஓட்டை இருக்காது. வெட்டாத ஓரத்தில் ரிஜிஸ்டர் குறி (வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்த உதவும் அடையாளம்), சில சமயம் வண்ணப் பட்டை இருக்கும். கலர் கைடு என்றால் சாயம் தூரிகையின் ஓட்டத்தோடு, கோட்டைத் தாண்டியும் போயிருக்கும். லென்ஸில் பார்த்தால் சாயத்தில் புள்ளி தெரியக் கூடாது. புள்ளி தெரிந்தால் அது கையால் தீட்டியதல்ல, அச்சு.

மேக்ரெடி தாளையும் புரூஃபாக விற்கிறார்கள். இயந்திரம் சூடாகும்வரை மை சமநிலைக்கு வராமல் ஓடிய தாள்கள் அவை. சிவப்பே இல்லாத அட்டை, மஞ்சள் விடுபட்ட அட்டை எல்லாம் சுவாரசியமானவைதான். ஆனால் அவை அச்சு ஓட்டத்தின் கழிவு, யாரும் பார்த்து ஒப்புதல் தந்தவை அல்ல.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?

கலர் கைடை மாட்டவே மாட்டாதீர்கள். அந்தச் சாயம் வெளிச்சத்துக்குத் தாங்காது. அமிலமற்ற உறையில் போட்டு, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் படுக்கையாக வையுங்கள். சுவருக்கு ஒரு ஸ்கேன் பிரதி போதும்.

என்னிடம் புரூஃப் எதுவும் இல்லை, ஒரு பழைய இதழ்தான் இருக்கிறது. அதில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

தாராளமாக. பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். முதலில் ஒரு முகத்தைப் பாருங்கள். கன்னத்தில் ரோஜாப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு இடையே மஞ்சள் புள்ளிகள் தாளின் நிறத்தோடு கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி இருக்கும். பிறகு முகத்தின் ஓரத்துக்குப் போங்கள். கருப்புக் கோட்டைத் தாண்டி வெளியே ரோஜா வழிந்திருந்தால் அன்று ரிஜிஸ்டர் நகர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்றும் தெரியும். அடுத்து ஏதாவது ஒரு மூலையில், கதைக்கு முக்கியமில்லாத ஒரு சின்ன உருவத்தின் சட்டைப் பொத்தானையோ தொப்பியின் பட்டையையோ தேடுங்கள். அதற்கும் நிறம் இருக்கும். பிரிட்ஜ்போர்ட்டில் ஒருவர் அதற்காகத் தூரிகையை எடுத்திருக்கிறார்.